லண்டனா, கிளாஸ்கோவா, மான்செஸ்டரா: மியூசியம் பார்க்க எந்த ஊரில் தங்கலாம்?

பிரிட்டனுக்குப் போகும் தேதி முடிவானதும் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விசா வந்துவிட்டது, விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மகளின் பட்டமளிப்பு விழா போக நான்கைந்து நாள் கையில் மிச்சம் இருக்கிறது. ஓவியக் கூடங்களும் அருங்காட்சியகங்களும் பார்க்க ஆசை. லண்டனிலேயே தங்கிவிடலாமா, ஸ்காட்லாந்துவரை போய் வருவதா, பிள்ளை படிக்கிற மான்செஸ்டரிலேயே நிறைய இருக்கிறதாமே என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கூட வருகிறவர்கள் யார், அவர்களால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

பாரிஸிலோ ரோமிலோ இந்தக் கணக்கு டிக்கெட் விலையில் ஆரம்பிக்கும். பிரிட்டனில் அப்படி இல்லை. இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க 2001 டிசம்பரிலிருந்து கட்டணமே கிடையாது. ஸ்காட்லாந்தின் தேசிய கூடங்களும் கிளாஸ்கோ நகர மியூசியங்களும் மான்செஸ்டர் பல்கலைக்கழக மியூசியமும் இலவசம்தான். ஆக, வாசலில் எல்லா ஊரும் ஒரே விலை. வித்தியாசம் முழுக்க வாசலுக்கு வெளியே இருக்கிறது: அறை வாடகை, ரயில் கட்டணம், கூட்டம், கால் வலி. இவற்றை வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், பெயர் சொல்லித் தேடும் படைப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வான் கோவின் சூரியகாந்தியைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்பவர் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. அவர் போக வேண்டியது லண்டன் நேஷனல் கேலரி. அப்படி ஒன்றும் இல்லை, நல்லதாக எதைக் காட்டினாலும் சரி என்பவர்களுக்குத்தான் தேர்வு என்று ஒன்று இருக்கிறது.

அடுத்தது படுக்கையும் பயணமும். நடு லண்டனில் ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்துக்கு, மற்ற ஊர்களில் பெரும்பாலான நாட்களில் அதைவிடப் பெரிய அறை கிடைத்து மிச்சமும் இருக்கும். ஆனால் அந்த மிச்சத்தை ரயில் விழுங்கிவிடலாம். பிரிட்டனில் ரயில் கட்டணம் என்பது தூரத்தைவிட, எப்போது வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில வாரங்களுக்கு முன்பே எடுக்கும் 'அட்வான்ஸ்' டிக்கெட்டும், கிளம்புகிற அன்று கவுன்ட்டரில் எடுக்கும் டிக்கெட்டும் ஒரே ரயிலுக்கு மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் காட்டும்.

மூன்றாவது, கால். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மியூசியத்தில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். கல் தரை, மங்கல் வெளிச்சம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன எழுத்துப் பலகை. இரண்டு மணி நேரம் தாண்டினால் கண்ணில் எதுவும் பதியாது. மூன்றாவது மணி நேரத்தில் டர்னரின் ஓவியமும் ஒன்றுதான், பலசரக்குக் கடைக் காலண்டரும் ஒன்றுதான். அதனால் ஓர் ஊரில் எத்தனை மியூசியம் இருக்கிறது என்பது முக்கியமல்ல. ஒரு நாளைக்கு இரண்டுதான் பார்க்கப் போகிறோம். அந்த இரண்டையும் அலுப்பில்லாமல் பார்க்க விடுகிற ஊரா என்பதே கேள்வி.

நான்காவது, நாளும் நேரமும். திங்கட்கிழமை மூடும் பழக்கம் லண்டனின் பெரிய கூடங்களில் இல்லை. வட இங்கிலாந்தில் நிறையவே உண்டு. மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கதவு சாத்தும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு, லண்டனில் வெள்ளிக்கிழமை விதிவிலக்கு.

## லண்டன்

சேகரிப்பின் ஆழத்தில் இதனோடு வேறு எந்த பிரிட்டிஷ் நகரமும் போட்டி போட முடியாது. 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகி 1759இல் பொதுமக்களுக்குத் திறந்த பிரிட்டிஷ் மியூசியம், 38 ஓவியங்களோடு 1824இல் ஆரம்பித்த நேஷனல் கேலரி, தேம்ஸ் கரையில் பழைய மின் நிலையத்துக்குள் 2000இல் திறந்த டேட் மாடர்ன், தென் கென்சிங்டனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா ஆல்பர்ட், இயற்கை வரலாறு, அறிவியல் மியூசியங்கள். ஒரே நகரத்தில், சுரங்க ரயில் தூரத்தில், இவ்வளவும்.

சிக்கல் கூட்டம்தான். கூட்டம் எப்படிப் பார்வையைக் கெடுக்கும் என்பதற்கு நேஷனல் கேலரியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதுவர்கள்' ஓவியத்தில் இரண்டு பேர் ஆளுயரத்தில், பட்டும் மென்மயிரும் போர்த்தி நிற்கிறார்கள். காலடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோணலாக இழுத்துவிட்டது போல ஒரு தீற்றல். நேரே நின்று எவ்வளவு முறைத்தாலும் அது என்னவென்று பிடிபடாது. வலது ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டினாற்போல் நின்று சாய்வாகப் பார்த்தால் தீற்றல் சுருங்கி மண்டையோடாகும். அந்த ஓரத்தில் ஒரே ஆள்தான் நிற்க முடியும். சனிக்கிழமை மதியம் அந்த இடத்துக்குக் காத்திருந்தால் பின்னால் இருப்பவரின் பெருமூச்சு கழுத்தில் படும். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதுவரை கூடம் திறந்திருக்கும். அப்போது போனால் அந்த மூலை உங்களுடையது. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளியன்று எட்டரைவரை, விக்டோரியா ஆல்பர்ட் பத்துவரை. லண்டனுக்கு ஒரே ஒரு வார நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அது வெள்ளியாக இருக்கட்டும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் எல்லோரும் ரொசெட்டா கல்லைச் சுற்றிக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு 33ஆம் எண் கூடத்துக்குப் போய்விடுங்கள். சோழர் கால நடராஜர் அங்கே இருக்கிறார், கூட்டமும் குறைவு. ஒட்டினாற்போல் இருக்கும் கூடம் அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்களுக்கானது. அவை 1859இல் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவை. அதே தூபியின் இன்னொரு பகுதி எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. எழும்பூரில் பார்த்தவர்களுக்கு இங்கே நின்றுபோகக் காரணம் உண்டு.

லண்டனின் மறைந்த செலவுகளைச் சொல்லியாக வேண்டும். இலவசம் என்பது நிரந்தரச் சேகரிப்புக்கு மட்டும். சுவரொட்டிகளில் பெரிதாகப் பார்க்கிற சிறப்புக் கண்காட்சிகளுக்கு ஆளுக்கு இருபது பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். கோர்ட்டோல்ட் போன்ற சில கூடங்களுக்கு எப்போதுமே கட்டணம். மானேயின் மதுக்கூடப் பெண்ணும், காதில் கட்டுப்போட்ட வான் கோவும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். அப்புறம் சூட்கேஸ். அறையைக் காலி செய்துவிட்டு, மாலை விமானத்துக்கு முன் பிரிட்டிஷ் மியூசியம் பார்த்துவிடலாம் என்று பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். சக்கரம் வைத்த பெட்டிகளை உள்ளே விட மாட்டார்கள். ரயில் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பெட்டிக் கணக்கில் காசு. பாதுகாப்புச் சோதனை வரிசை வேறு. நேரம் குறித்த இலவச டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து வைத்தால் வரிசை ஓரளவு குறையும்.

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்றால் அறை வாடகைக் கணக்கு அப்படியே மாறும். ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்கு அத்தை காத்திருப்பார் என்பதால் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக் கூடம் கைநழுவும். இதையும் செலவுப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும்.

பெரிய கூடங்கள் மலைக்க வைத்தால் சின்னவற்றுக்குப் போகலாம். வாலஸ் கலெக்ஷன் ஒரு மாளிகை, இலவசம். கட்டடக் கலைஞர் சர் ஜான் சோனின் வீடும் இலவசம், புதன் முதல் ஞாயிறுவரை. அங்கே ஓவிய அறையின் சுவர்கள் கதவுகள் போலக் கீல் வைத்தவை. பணியாளர் ஒருவர் வந்து அவற்றை விரிப்பார், உள்ளே இன்னொரு அடுக்கு ஓவியங்கள் வரும். அது முடிந்ததென்று நினைக்கும்போது இன்னொன்றையும் விரிப்பார். கிழக்கு லண்டனில் 2025இல் விக்டோரியா ஆல்பர்ட் தன் கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. முன்பதிவு செய்தால் நீங்கள் கேட்கும் பொருளைச் சேமிப்பிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் காட்டுவார்கள். துணி, நகை, தச்சு என்று ஏதாவது ஒன்றில் ஊறியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் பிரிட்டனில் கிடையாது.

## கிளாஸ்கோ

முதல் தேர்வாக கிளாஸ்கோவைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கப்பல் கட்டிய ஊர், எப்போதும் மழை, அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியாது என்பார்கள். மழையும் பேச்சும் உண்மைதான். ஆனால் குடும்பமாகப் போய் மியூசியம் பார்ப்பதற்கு இதற்கு மேல் ஓர் ஊரை நான் சொல்ல மாட்டேன்.

காரணம் கெல்விங்குரோவ் மியூசியம். 1901இல் திறந்த செம்மணற்கல் மாளிகை. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் தலைக்கு மேல் நிஜமான ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்குகிறது. அதன் கீழே பாடம் செய்த ஒட்டகச்சிவிங்கியும் சர் ரோஜர் என்ற யானையும் நிற்கின்றன. இன்னொரு பக்கம் சிரிப்பும் அழுகையும் கோபமுமாக வெள்ளைத் தலைகள் கூரையிலிருந்து கொத்தாகத் தொங்குகின்றன. ஓவியம் பிடிக்காத பன்னிரண்டு வயதுப் பையனுக்கும், விமானம் பிடிக்காத பாட்டிக்கும் ஒரே கட்டடத்தில் வேலை இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு (ஞாயிறென்றால் மூன்று மணிக்கு) நடுக்கூடத்தின் பெரிய ஆர்கனை வாசிப்பார்கள். கீழே காபி குடிப்பவர்கள் கோப்பையோடு நிமிர்ந்து பார்ப்பார்கள், மாடியில் இருப்பவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்பார்கள், குழந்தைகள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் 'ஷ்' என்று அடக்குவதில்லை. ஊர்க்காரர்கள் மழைக்கு ஒதுங்கக்கூட வருகிற இடம் என்பதால் மியூசியத்துக்கே உரிய அந்த விறைப்பு இங்கே இல்லை.

சல்வடோர் டாலி 1951இல் வரைந்த சிலுவைக் காட்சி இங்கேதான். மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் கோணத்தில் கிறிஸ்துவும், அடியில் ஒரு கடற்கரையும். 1952இல் 8,200 பவுண்டுக்கு மாநகராட்சி வாங்கியபோது, இவ்வளவு பணமா என்று கலைப் பள்ளி மாணவர்களே மனு போட்டார்கள். 1961இல் ஒருவர் கல்லால் கிழித்தும் விட்டார், ஒட்டிச் சரிசெய்தார்கள். இந்தப் படத்தை மற்ற ஊர்க் கண்காட்சிகளுக்கு இரவல் கொடுப்பார்கள் என்பதால், இதற்காகவே போகிறவர்கள் கிளம்புமுன் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இந்தியாவுக்கு ஏழு தொல்பொருட்களைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில் கையெழுத்தானதும் இதே கட்டடத்தில்தான்.

இரண்டாவது நாளுக்கு பர்ரல் கலெக்ஷன். கப்பல் முதலாளி வில்லியம் பர்ரல் 1944இல் தன் சேகரிப்பை ஊருக்குக் கொடுத்தார், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: நகரப் புகை படாத தூரத்தில், நடு ஊரிலிருந்து 16 மைலாவது தள்ளி வைக்க வேண்டும். இடம் அமையாமல் பல பத்தாண்டுகள் ஓடின. கடைசியில் ஊருக்குள்ளேயே பொல்லாக் பூங்கா கிடைத்து, 1983இல்தான் திறந்தது. சீரமைத்து 2022இல் மீண்டும் திறந்தார்கள், அடுத்த ஆண்டே பிரிட்டனின் சிறந்த மியூசியத்துக்கான பரிசு. சீனப் பீங்கானும் திரைச்சீலைகளும் டெகாவின் ஓவியங்களும் ஒரு பக்கம், கண்ணாடிச் சுவருக்கு வெளியே மரங்கள் ஒரு பக்கம். கால் வலித்தால் உட்கார்ந்து காட்டைப் பார்க்கலாம். இது லண்டனில் எங்கே கிடைக்கும்?

குழந்தைகள் கூட இருந்தால் ஸாஹா ஹதீத் வடிவமைத்து 2011இல் திறந்த ரிவர்சைடு மியூசியத்தையும் சேருங்கள். டிராம், ரயில் எஞ்சின், பழைய கிளாஸ்கோத் தெரு ஒன்று அப்படியே.

இங்கேயும் ஏமாற்றங்கள் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் மாக்கின்டாஷ் கட்டிய கலைப் பள்ளியைப் பார்க்க வருபவர்கள் ஏமாந்து போவார்கள். 2014இலும் 2018இலும் எரிந்துபோன கட்டடம் அது. பதிலுக்கு, பல்கலைக்கழகத்தின் ஹண்டேரியன் கூடத்தில் அவர் வீட்டின் உட்புறத்தை மறுபடி அமைத்திருக்கிறார்கள். ஹண்டேரியன் திங்கட்கிழமை விடுமுறை. பர்ரல் நடு ஊரில் இல்லை. சென்ட்ரல் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் ரயில், அப்புறம் பூங்காவுக்குள் நடை. மழைச் சட்டை இல்லாமல் போனால் அங்கேயே ஒன்று வாங்க வேண்டி வரும். மாலை ஐந்துக்குப் பிறகு எந்த மியூசியமும் இல்லை. லண்டனிலிருந்து நாலரை மணி நேர ரயில் என்பதால், போய் ஒரே நாள் தங்குவது பணத்துக்கும் முதுகுக்கும் நட்டம்.

## எடின்பரோ

பார்க்க அழகான ஊர் எது என்று கேட்டால் கிளாஸ்கோவை விட்டுவிட்டு எடின்பரோவைத்தான் சொல்வேன். மியூசியத்துக்கு மட்டும் என்றால் இரண்டாவது இடம்.

சேம்பர்ஸ் தெருவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் அரை நாளுக்குக் குறையாமல் கேட்கும். 1996இல் பிறந்த குளோனிங் ஆட்டுக்குட்டி டாலி பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுழல்கிறது. லூயிஸ் தீவுச் சதுரங்கக் காய்களில் 82 லண்டனில் இருக்கின்றன, 11 இங்கே. எண்ணிக்கையைப் பார்த்தால் லண்டன் ஜெயிக்கிறது. ஆனால் கேடயத்தின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்கும் வீரனும், கன்னத்தில் கை வைத்துக் கவலையோடு உட்கார்ந்திருக்கும் ராணியும் நடுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தால்தான் ரசிக்க முடியும். 11ஐ அப்படிப் பார்ப்பது 82ஐத் தோள்களுக்கு நடுவில் எட்டிப் பார்ப்பதைவிட மேல்.

நடு ஊரில் 'மவுண்ட்' மேட்டில் நேஷனல் கேலரி. கறுப்பு உடையில் பனிமேல் சறுக்கும் பாதிரியாரின் ஓவியம் ஊரின் செல்லப்பிள்ளை. டிஷியனின் டயானா ஓவியங்கள் இரண்டையும் லண்டனும் எடின்பரோவும் கூட்டாக வாங்கியிருப்பதால் அவை இங்கும் அங்குமாகப் போய்வரும். இன்னொரு விஷயம் எனக்கு மிகப் பிடித்தது: 1900இல் ஹென்றி வான் என்பவர் 38 டர்னர் நீர்வண்ண ஓவியங்களை இந்தக் கூடத்துக்கு எழுதி வைத்தார், ஆனால் வெளிச்சம் பட்டு மங்கிவிடக் கூடாது என்று ஜனவரியில் மட்டும் காட்டச் சொன்னார். நூற்றாண்டு தாண்டியும் அந்த வழக்கம் இருக்கிறது. மற்ற பயணிகள் வராத, அறை மலிவான, சீக்கிரமே இருட்டிவிடுகிற மாதம் அது. மியூசியத்துக்கென்றே போகிறவருக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

ஆகஸ்ட் மாதம் நேர் எதிர். விழாக் காலம், அறை வாடகை எகிறிவிடும், கிடைப்பதே கஷ்டம். 2026 ஜூலை 24 முதல் தங்கும் வாடகையில் 5 சதவீதம் பயணி வரியும் சேர்கிறது. ஊர் முழுக்க ஏற்ற இறக்கம், படிக்கட்டு, கருங்கல் பாவிய தெரு. முட்டி வலி உள்ளவர்களுக்கு மியூசியத்தைவிட மியூசியத்துக்குப் போகும் வழிதான் சோதனை.

## மான்செஸ்டரும் லிவர்பூலும்

இரண்டையும் ஒன்றாகவே பார்க்கலாம். நடுவில் ரயிலில் முக்கால் மணி நேரம்தான். எங்கே தங்கினாலும் மற்றதற்குப் போய் வரலாம். லண்டனிலிருந்து இரண்டே கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பது ஸ்காட்லாந்துக்கு எதிராக இவற்றின் பலம்.

மான்செஸ்டர் மியூசியம் 2023இல் புதுப்பித்துத் திறந்தது, 2025இல் ஐரோப்பாவின் சிறந்த மியூசியம் என்ற விருது வாங்கியது. அங்கே இருக்கும் தெற்காசியக் கூடத்தை வல்லுநர்கள் மட்டும் அமைக்கவில்லை, ஊரில் வாழும் தெற்காசியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் கூடி அமைத்தார்கள். வங்கதேசத்திலிருந்து வந்த ரிக்‌ஷா ஒன்று அலங்காரத்தோடு நிற்கிறது. சிங் இரட்டையர் சகோதரிகளின் சுவரோவியம் ஒரு பக்கம் முழுக்க நீள்கிறது. பேரரசின் கொள்ளைப் பொருளாக அல்லாமல், வந்து குடியேறியவர்களின் கதையாகத் தெற்காசியாவைக் காட்டும் இடம் பிரிட்டனில் குறைவு. பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோருக்கு இது லண்டனைவிட நெருக்கமாக இருக்கும். அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, பூங்காவுக்குள் விட்வொர்த் கூடம், துணிச் சேகரிப்புக்குப் பேர்போனது. ஊருக்குள் 1830ஆம் ஆண்டு ரயில் நிலையத்தோடு சேர்ந்த அறிவியல் தொழில் மியூசியம்.

லிவர்பூலின் நிலைமை இப்போது கொஞ்சம் சரியில்லை, அதை மறைத்துப் பயனில்லை. ஆல்பர்ட் துறைமுகத்தில் இருந்த டேட் லிவர்பூல் 2023 அக்டோபரில் சீரமைப்புக்காக மூடியது, 2027இல் திறப்பதாகத் திட்டம். பிரிட்டனின் அடிமை வணிகத்தை நேருக்கு நேர் பேசிய சர்வதேச அடிமைமுறை மியூசியமும் 2025 ஆரம்பத்தில் சீரமைப்புக்குப் போய்விட்டது. ஊரின் முக்கியமான இரண்டு காரணங்களும் கதவடைத்து நிற்கும்போது லிவர்பூலை மட்டும் நம்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிச்சம் இருப்பவை வாக்கர் கேலரி, 1877இலிருந்து. அப்புறம், ஆற்றுக்கு அக்கரையில் போர்ட் சன்லைட். நம் ஊர்த் துணி துவைக்கும் கல்லில் கிடந்த அதே சன்லைட் சோப்பின் ஊர்தான். சோப்பு முதலாளி லீவர் தன் தொழிலாளிகளுக்காக 1888இல் கட்ட ஆரம்பித்த கிராமம். மனைவியின் நினைவாக 1922இல் லேடி லீவர் கேலரியைத் திறந்தார். வரிசை வீடுகளுக்கு நடுவே வெள்ளைக் கல் கட்டடமாக நிற்கிறது. வெயில் அடித்தால் க்ராஸ்பி கடற்கரைக்குப் போங்கள். சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் 100 இரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள், அலை ஏற ஏறக் கழுத்துவரை மூழ்குகிறார்கள். நேரம் பார்த்துப் போங்கள், சேற்றுக்குள் கடைசிச் சிலைவரை நடக்காதீர்கள்.

இந்த ஊர்களின் பெரிய பொறி திங்கட்கிழமை. வாக்கர், மான்செஸ்டர் மியூசியம், விட்வொர்த் மூன்றுமே அன்று விடுமுறை. வார இறுதியில் வந்து திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். இன்னொன்று கால்பந்து. பெரிய ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ இருக்கும் இரவில் மான்செஸ்டர் அறை வாடகை லண்டனைத் தொட்டுவிடும்.

## பர்மிங்காம், ஆக்ஸ்ஃபோர்ட்

வேறு வேலையாகப் போனால் மட்டும். பர்மிங்காமின் நகர மியூசியத்தில் ராஃபேலுக்கு முந்தியவர்கள் (ப்ரீ-ராஃபேலைட்டுகள்) என்று சொல்லிக்கொண்ட 19ஆம் நூற்றாண்டு ஓவியர் கூட்டத்தின் படைப்புகள் ஏராளம். ஆனால் 2020இல் மூடிய கட்டடத்தை 2024 அக்டோபரிலிருந்து பகுதி பகுதியாகத்தான் திறந்து வருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் மியூசியம் லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில், இலவசம், ஒரு பகலுக்கு நல்ல இடம். கும்பகோணத்துப் பக்கத்துப் பெருமாள் கோயிலிலிருந்து போன திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி அங்கே இருப்பதாக யாராவது சொன்னால், அதைப் பார்க்கவென்று டிக்கெட் எடுக்காதீர்கள். இந்தியாவுக்குத் திருப்பித் தர 2024இல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

## ஒரே பார்வையில்

| ஊர் | பலம் | மறைந்த செலவு | திங்கட்கிழமை | யாருக்கு |
|---|---|---|---|---|
| லண்டன் | சேகரிப்பின் ஆழம், வெள்ளி இரவு | அறை, சிறப்புக் கண்காட்சி, கூட்டம் | பெரியவை திறந்திருக்கும் | குறிப்பிட்ட படைப்பைத் தேடுபவர், தனியாகப் போகிறவர் |
| கிளாஸ்கோ | ஒரே கூரையின் கீழ் எல்லோருக்கும் ஏதாவது | நீண்ட ரயில், மழை, பர்ரல் தள்ளி இருப்பது | கெல்விங்குரோவ் உண்டு, ஹண்டேரியன் இல்லை | குடும்பம், குழந்தைகள், முதியவர்கள் |
| எடின்பரோ | தேசியச் சேகரிப்பு, ஊரின் அழகு | ஆகஸ்ட் வாடகை, பயணி வரி, படிக்கட்டு | திறந்திருக்கும் | ஜோடியாகப் போகிறவர், ஜனவரிப் பயணி |
| மான்செஸ்டர்–லிவர்பூல் | லண்டனுக்கு அருகில், தெற்காசியக் கூடம் | ஆட்ட நாள் வாடகை, சீரமைப்பில் கூடங்கள் | பலவும் விடுமுறை | பிள்ளையைப் பார்க்க வந்தவர் |

## உங்கள் நிலைமைக்கு எது

மூன்று நாளுக்குள் என்றால் விமானம் இறங்கும் ஊரிலேயே இருங்கள். பெரும்பாலும் அது லண்டன். காலையில் ஒரு பெரிய கூடம், மதியம் ஒரு சின்னக் கூடம், அதோடு சரி. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் ஒரே நாளில் என்று திட்டம் போட்டுக்கொண்டு வருபவர்களைக் கண்டால் அவர்கள் செருப்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஐந்து நாள் இருந்தால், வயதான பெற்றோரோ சின்னக் குழந்தைகளோ கூட இருந்தால், தயங்காமல் கிளாஸ்கோவில் தங்கி எடின்பரோவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஐம்பது நிமிட ரயில்தான், அடிக்கடி ஓடுகிறது. எடின்பரோவில் தங்கி கிளாஸ்கோவுக்குப் போய் வருவதுதான் வழக்கம், ஆனால் ஆகஸ்ட் வாடகையையும் படிக்கட்டையும் யோசித்தால் தலைகீழாகச் செய்வதே லாபம். பள்ளி விடுமுறை நெரிசலைத் தவிர்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும், இங்கிலாந்தில் செப்டம்பர்வரை விடுமுறைதான். ஆகஸ்ட் கடைசியில் கெல்விங்குரோவில் ஓரளவு இடம் இருக்கும்போது, லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தின் டைனோசர் கூடத்தில் நகர முடியாது.

வடக்கே போவதென்று முடிவானால், யார்க்கில் இறங்கி தேசிய ரயில்வே மியூசியத்தைப் பார்க்க முடியும். அதுவும் இலவசம், எடின்பரோ போகும் வழியிலேயே நிலையத்துக்குப் பின்புறம் இருக்கிறது, நீராவி எஞ்சின்களில் உலக வேகச் சாதனை படைத்த மல்லார்டு நீல நிறத்தில் நிற்கிறது. ஆனால் அட்வான்ஸ் டிக்கெட்டில் நடுவில் இறங்கி அடுத்த ரயிலில் ஏற அனுமதி கிடையாது. லண்டனிலிருந்து யார்க்குக்கு ஒன்று, யார்க்கிலிருந்து எடின்பரோவுக்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுத்து, நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். இருவராகவோ குழந்தைகளோடோ போனால் ரயில்கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரு நீண்ட பயணம் போய் வந்தாலே கார்டுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பிவிடும்.